ஃபண்ட்ரி என்ற சொல்லும் வளாகத்தின் காதும்

நாகராஜ் மஞ்சுளே இயக்கிய ‘ஃபண்ட்ரி’ (2013) ஒரு மராத்திப் படம். ஆனால் அதன் தலைப்பு மராத்திச் சொல் அன்று. கைக்காடி மொழிச் சொல். கைக்காடி, தமிழுக்கு மிக நெருங்கிய உறவுடைய ஒரு திராவிட மொழி. நாம் ‘பன்றி’ என்று எழுதுவதுதான் அங்கே ‘ஃபண்ட்ரி’. இரு இதழும் பொருந்திப் பிறக்கும் பகரம் மேற்பல்லைத் தொட்டு ஒலிக்கிறது. மும்பையில் தமிழ் பேசி வளர்ந்த மொழியியல் மாணவருக்கு இந்த உறவு முதலில் மகிழ்ச்சி தருகிறது. படம் முடிவதற்குள் அந்த மகிழ்ச்சி வடிந்துவிடுகிறது. பள்ளிச் சிறுவன் ஜப்யாவைச் சுற்றி நின்று ஊர்ப் பிள்ளைகள் எறியும் ஏளனச் சொல்லும் அதுவே. வீட்டு மொழியின் ஒரு சாதாரணப் பெயர்ச்சொல், பள்ளிக்கூடத்தின் வாயில் வசையாகிவிடுகிறது.

கல்வி வளாகங்களில் இனமும் அடையாளமும் பற்றிய சுயாதீனப் படங்களைப் பேசும்போது ஸ்பைக் லீயின் ‘ஸ்கூல் டேஸ்’ (1988) தவறாமல் நினைவுகூரப்படும். கறுப்பின மாணவர்களுக்கான ஒரு கல்லூரிக்குள்ளேயே, தோலின் நிறமும் தலைமுடியின் சுருளும் அவர்களை இரு அணிகளாகப் பிரிப்பதை அப்படம் காட்டுகிறது. அங்கே கேமராவுக்கு ஒரு வசதி உண்டு: பிரிவினை உடலின் மேல் தெரிகிறது. சாதிக்கு அப்படியொரு முகம் இல்லை. ராஜேஷ் ராஜாமணியின் குறும்படமான ‘தி டிஸ்க்ரீட் சார்ம் ஆஃப் தி சவர்ணாஸ்’ (2020) இதைத்தான் எள்ளி நகையாடுகிறது. மும்பையில் திரைத்துறை நண்பர்கள் மூவர் ‘தலித் போலத் தோற்றமளிக்கும்’ நடிகரைத் தேடி அலைகிறார்கள். அப்படியொரு தோற்றம் இருந்தால்தானே கிடைக்கும்?

கண்ணால் அறிய இயலாததை நம் வளாகங்கள் காதால் அறிகின்றன. மும்பைத் தமிழர்க்கு இது நன்கு தெரியும். வெளியாருக்கு நாம் எல்லோரும் ‘மதராசி’. நமக்குள் அப்படியன்று. விடுதியில் புதிதாகச் சந்திக்கும் தமிழர் கேட்பார்: “மும்பையில எங்க?” மாட்டுங்கா என்றால் கேள்வி அங்கேயே நின்றுவிடும், மேற்கொண்டு இசை, கோயில், காபி என்று பேச்சு நகரும். செம்பூர் என்றால் எந்தப் பக்கம் என்று கேட்பார். தாராவி என்றால் சிறிது மௌனம், பிறகு, “சொந்த ஊரு?” திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து குடியேறியவர்களின் வரலாறு அந்த மௌனத்துக்குள் கணக்கிடப்பட்டுவிடும். யாரும் யாரையும் சாதி கேட்கவில்லை!

இந்தக் காதைத் திரைக்குக் கொண்டுவந்தவையே எனக்கு முக்கியமான வளாகப் படங்கள். மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) வணிகத் திரைக்குள் வந்த படமாயினும் இந்த வரிசையில் சேர்க்கத் தக்கது. சட்டக் கல்லூரி வகுப்பறையில் பரியனைத் தலைகுனிய வைப்பது ஆங்கிலம். மொழி தெரியாமை அறிவின்மையாகவும், அறிவின்மை பிறப்பாகவும் வாசிக்கப்படுகிறது. பாயல் கபாடியாவின் ‘எ நைட் ஆஃப் நோயிங் நத்திங்’ (2021) இன்னும் ஒரு படி செல்கிறது. புனே திரைப்படக் கல்லூரியின் 2015ஆம் ஆண்டு 139 நாள் வேலைநிறுத்தமும் அதைத் தொடர்ந்த மாணவர் போராட்டங்களும் அதில் வருகின்றன. அவற்றினூடே ‘எல்’ என்ற மாணவி காதலனுக்கு எழுதிய கடிதங்கள் வாசிக்கப்படுகின்றன. காதலனின் குடும்பத்தார் சாதியைச் சொல்லி மறுத்துவிட்டார்கள். அவள் முகத்தை நாம் பார்ப்பதில்லை. குரல் மட்டுமே கேட்கிறது. கான் விழாவில் சிறந்த ஆவணப்படத்துக்கான பரிசு பெற்ற இப்படம் முகத்தை மறைத்ததை வெறும் உத்தியாக நான் கருதவில்லை.

முதுகலையில் சமூக மொழியியல் படித்தபோது, வில்லியம் பிரைட்டும் ஏ. கே. ராமானுஜனும் 1964இல் எழுதிய கட்டுரை எங்களுக்குப் பாடம். பிராமணர் வழக்கு, பிராமணரல்லாதார் வழக்கு என்ற இரு பெட்டிகளுக்குள் மொழிமாற்றத்தை அவர்கள் ஆராய்ந்தார்கள். முன்னோடியான ஆய்வு, மறுப்பதற்கில்லை. அதை நடத்திய ஆசிரியர் இரண்டாம் பெட்டிக்கு எடுத்துக்காட்டாகச் சில வடிவங்களைக் கரும்பலகையில் எழுதினார்: அங்ஙன, இங்ஙன, வாரியளா. வகுப்பு சிரித்தது. தாராவியில் என் பாட்டி அன்று காலை பேசியிருக்கக்கூடிய சொற்கள் அவை. மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் படித்துவிட்டு அங்கே வந்து அமர்ந்திருந்த எனக்கு, அந்தச் சிரிப்பில் ‘ஃபண்ட்ரி’ என்ற கூவல் கேட்டது. ஜப்யாவின் கையில் கடைசியில் ஒரு கல் இருந்தது. என் கையில் குறிப்பேடு இருந்தது. அந்த வடிவங்களையே பின்னர் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

திரையில் தாராவித் தமிழர் இல்லாமல் இல்லை. ‘நாயகன்’ (1987), ‘காலா’ (2018) ஆகியவை அவரைப் பெருந்தலைவராக்கிக் காட்டின. நூலக வரிசையில் நிற்கும், உதவித்தொகை வந்ததா என்று அலுவலகச் சன்னலில் எட்டிக் கேட்கும், வாய்மொழித் தேர்வுக்கு முன் தன் உச்சரிப்பைத் தானே திருத்திக்கொள்ளும் தாராவிப் பெண்ணுக்கு ஒரு படம் தேவை. அதைவிடத் தேவையான காட்சி ஒன்று உண்டு. இதுவரை நம் படங்கள் பெரும்பாலும் பதில் சொல்பவரின் வலியையே காட்டியிருக்கின்றன. “சொந்த ஊரு?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பவரின் முகத்தில், அந்த மௌனம் முழுவதும், கேமரா அசையாமல் நிற்க வேண்டும்.