சார், நீங்க நைட் என்ன சாப்பிடுவீங்க?

இன்னிக்கு மருந்தைப் பத்தி எழுதல. சமையலைப் பத்தி ஒரு நீண்ட பதிவு. ரூம் எடுத்துத் தனியா தங்கியிருக்கிற தம்பி தங்கைகளுக்கும், வீட்டுல தனியாகிப்போன அப்பாக்களுக்கும் இது. பொறுமையா படிங்க.

நான் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டர். சொந்த ஊர்ல இருந்து 200 கிலோமீட்டர் தள்ளி போஸ்டிங். ஸ்கூல் முடியுற வரைக்கும் அம்மா சமையல், எம்பிபிஎஸ் படிக்கும்போது ஹாஸ்டல் மெஸ். 31 வயசுல வேலைக்கு வந்தப்போ எனக்குத் தெரிஞ்ச சமையல் ரெண்டு: வெந்நீர், நூடுல்ஸ்.

காலையில டீக்கடை வடை. மதியம் பார்சல் சாப்பாடு. நைட் பரோட்டா, சால்னா. ரெண்டு வருஷம் இப்படியே போச்சு. 9 கிலோ ஏறினேன். இதே வாயாலதான் தினமும் சுகர் பேஷண்டுகளுக்கு 'மைதா வேண்டாம், எண்ணெயைக் குறைங்க'ன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்.

ஒருநாள் காலையில 64 வயசு ஐயா ஒருத்தரை ஆட்டோல தூக்கிட்டு வந்தாங்க. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) சட்டையெல்லாம் வியர்வையில நனைஞ்சிருந்தது. பேரைக் கேட்டா பேச்சு குழறுது. பார்த்தவங்க பக்கவாதம்னு பயந்துட்டாங்க. குளுக்கோமீட்டர்ல 48. நரம்பு வழியா குளுக்கோஸ் ஏத்தினதும் கொஞ்ச நேரத்துல கண்ணைத் தெளிவா முழிச்சுப் பார்த்தார்.

கிளிமிபிரைடு மாதிரியான சுகர் மாத்திரைகள் கணையத்துல இருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. சாப்பிடாம போட்டா சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கும். ஏத்தின பிறகும் மறுபடி இறங்கலாம். அதனால அவரைச் சாயங்காலம் வரைக்கும் பக்கத்துலயே வச்சுப் பார்த்தோம்.

"ஏன் ஐயா, சாப்பிடாம மாத்திரை போட்டீங்க?"

"மாத்திரை ஒழுங்காப் போடணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க. சோறாக்க ஆளில்ல. அவ போய் மூணு மாசம் ஆச்சு."

38 வருஷம் அந்த அம்மா சமைச்சுப் போட்டிருக்காங்க. இவர் ஒருநாளும் அடுப்பைப் பத்த வச்சதில்ல. பொண்ணு வெளியூர்ல. டீயும் பன்னுமா நாள் ஓடியிருக்கு.

நான் வழக்கம்போல ஆரம்பிச்சேன். "சிம்பிளா ஏதாவது செஞ்சுக்கோங்க ஐயா, சமையல் ஒண்ணும் பெரிய வித்தை இல்ல..."

அவர் சாதாரணமா கேட்டார். "சார், நீங்க நைட் என்ன சாப்பிடுவீங்க?"

பக்கத்துல நின்ன நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கிட்டாங்க. எனக்குப் பதில் வரல.

அந்த வாரமே எனக்கு ஹெச்பிஏ1சி பார்த்தேன். 6.1. அதாவது 5.7-ல இருந்து 6.4 வரைக்கும் உள்ள ப்ரீ டயாபட்டீஸ். எங்க அப்பாவுக்கும் சுகர்.

ஞாயித்துக்கிழமை 3 லிட்டர் குக்கர் ஒண்ணு வாங்கினேன். முதல் நாள் கேஸ்கட்டைப் போட மறந்துட்டேன். சுத்தியும் ஆவி வருது, விசில் மட்டும் வரல. அரை மணி நேரம் கழிச்சு அடியில தீஞ்ச அரிசி. அம்மாவுக்கு போன் பண்ணேன். "ஏம்ப்பா, மூடிக்கு உள்ள கறுப்பா ஒரு வளையம் இருக்குமே, அதை எங்க வச்ச?" அது அட்டைப்பெட்டிக்குள்ளயே இருந்தது.

அதுக்கப்புறம் நானும் விழுந்து எழுந்து கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

முதல்ல, மூணு வேளையும் சமைக்கப் போறேன்னு சபதம் எடுக்காதீங்க. நாலாவது நாள் விட்டுடுவீங்க. ஒரே ஒரு வேளையைப் பிடிங்க. நான் நைட் சாப்பாட்டைப் பிடிச்சேன்.

பாத்திரக்கடையையே வாங்க வேண்டாம். ஒரு சின்ன குக்கர், ஒரு வாணலி, கரண்டி, கத்தி, பலகை போதும். உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், கடுகு, சீரகம், பெருங்காயம் சின்னப் பாக்கெட்டா வாங்குங்க. தோசைக்கல் ரெண்டாவது மாசம். கடை மாவு வாங்கறது ஒண்ணும் குத்தமில்ல.

முதல் பாடம் முட்டை. தண்ணி கொதிச்சதும் 10 நிமிஷம் வேகட்டும். ஒரு முட்டையில சுமார் 6 கிராம் புரதம் இருக்கு.

ரெண்டாவது பாடம் பருப்பு சாதம். அரை டம்ளர் அரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, கழுவி குக்கர்ல போடுங்க. வெங்காயம், தக்காளி, கேரட், பீன்ஸ்னு கையில இருக்கிற காயை அரிசி அளவுக்குக் குறையாம நறுக்கிப் போடுங்க. மஞ்சள்தூள், உப்பு, மூணு டம்ளர் தண்ணி. ஆவி வந்ததும் வெயிட் போட்டு நாலு விசில். ஆவி தானா அடங்கின பிறகு திறங்க, அவசரப்பட்டுத் திறக்காதீங்க. ஒரு ஸ்பூன் எண்ணெயில கடுகு, சீரகம், பெருங்காயம் தாளிச்சுக் கொட்டினா முடிஞ்சது. அரிசியில குறைவா இருக்கிற அமினோ அமிலம் பருப்புல இருக்கு, பருப்புல குறைவானது அரிசியில இருக்கு. சுகர் இருக்கிறவங்க அரிசியைக் குறைச்சுக் காயைக் கூட்டுங்க.

ஆக்கின சோறு மிஞ்சினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜ்ல வைங்க. பாசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி இருக்கு. அதோட வித்துகள் கொதிக்க வச்சாலும் சாகாது. சோறு வெளியிலேயே கிடந்தா பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணாலும் போகாது. ஃபிரிட்ஜ் இல்லையா? ஒரு வேளைக்கு மட்டும் ஆக்குங்க.

உப்பை அளந்து போடுங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்றது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. ஊறுகாய், அப்பளத்துல இருக்கிறதும் இந்தக் கணக்குல சேரும்.

அந்த ஐயாவுக்கு கிளிமிபிரைடை நிறுத்திட்டு, மெட்ஃபார்மினை மட்டும் சாப்பாட்டோட போடச் சொன்னேன். கூடவே ஓபி சீட்டு பின்னாடி இந்தப் பருப்பு சாதத்தை எழுதிக் கொடுத்தேன். நான் எழுதின பிரிஸ்கிரிப்ஷன்லயே எல்லாருக்கும் படிக்கப் புரிஞ்சது அது ஒண்ணுதான்.

அடுத்த மாசம் மாத்திரை வாங்க வரிசையில நின்னார். முறை வந்ததும் குனிஞ்சு மெதுவா கேட்டார். "சார், ரசத்துக்குப் பெருங்காயம் எப்போ போடணும்?"

நான் ரசம் வரைக்கும் போகல. முழிச்சேன். பின்னாடி நின்ன பாட்டி சத்தமா சொன்னாங்க. "தாளிக்கும்போது போடுய்யா! நுரை கட்டினதும் இறக்கிரு, கொதிக்க விட்டுறாத!" மொத்த வரிசையும் சிரிச்சது. அவரும் சிரிச்சார். கைத்தாங்கலா கொண்டு வந்த நாள்ல இருந்து அவர் சிரிச்சு நான் பார்த்தது அன்னிக்குத்தான்.

"அவ வச்ச மாதிரி வரல சார்"னார் போகும்போது. "ஆனா சூடா இருக்கு."

என் ஹெச்பிஏ1சி ஆறு மாசம் கழிச்சு 5.8. இன்னும் எல்லைக்குள்ள வரல. 4 கிலோ குறைஞ்சிருக்கேன். வாரத்துல ஒருநாள் பரோட்டா உண்டு, மறைக்கல.

கடைசியா ரெண்டு விஷயம்.

சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க சாப்பாட்டைத் தவிர்க்காதீங்க. திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் வந்தா உடனே மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடிங்க. 15 நிமிஷத்துல சரியாகலைன்னா மறுபடி குடிங்க, அப்புறம் சாப்பிடுங்க. மயங்கிட்டவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, 108-க்குக் கூப்பிடுங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.

அப்புறம், வீட்டுல மகன் இருந்தா இந்த ஞாயித்துக்கிழமை குக்கரை அவன் கையில கொடுங்க. அப்பா இருந்தா அவர் கையிலயும் கொடுங்க. அம்மா பக்கத்துல உக்காந்து சொல்லித்தர முடியுற நாள்லயே கத்துக்கட்டும்.