இந்த மாசம் யார் முறை?

நாலு பேர் சேர்ந்து ஒரு சினிமாவைப் பார்ப்பது சுலபம். பார்த்த சினிமாவைக் கிழி கிழியென்று கிழிப்பது அதைவிடச் சுலபம். ஆனால், 'எந்த சினிமா பார்க்கலாம்?' என்று நாலு பேர் சேர்ந்து முடிவு செய்வது இருக்கிறதே... கல்யாணப் புடவை எடுக்க ரெண்டு சம்பந்தி வீட்டாரும் ஒரே வேனில் தி.நகர் போன கதைதான்! எல்லோரும் 'உங்க இஷ்டம்' என்பார்கள். எதை எடுத்துக் காட்டினாலும் முகத்தைச் சுளிப்பார்கள்.

எங்கள் ஆபீஸில் ஏழு பேர் சேர்ந்து ஒரு சினிமா கிளப் நடத்துகிறோம். கிளப் என்றதும் சீட்டுக்கட்டு, சோடா பாட்டில் என்று கற்பனையை ஓடவிட வேண்டாம். மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம், ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடி. கையடக்க புரொஜக்டர் ஒன்று. கொடிக் கயிற்றில் இறுக்கிக் கட்டிய வெள்ளை பெட்ஷீட். ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் சிவாஜிக்கு வயிறு உப்பும், பாலையா ஒல்லியாவார். அவ்வளவுதான் கிளப்.

பழைய படங்கள் மட்டும்தான் என்பது முதல் தீர்மானம். 'பழசுன்னா எவ்வளவு பழசு?' என்பதில் முதல் கூட்டம் முழுசாகக் காலி. கறுப்பு வெள்ளையாக இருக்க வேண்டும் என்றார் ஒருவர். டைரக்டர் காலமாகியிருக்க வேண்டும் என்றார் இன்னொருவர் (கிளப்பில் இப்படியும் ஆட்கள் உண்டு). கடைசியில், எங்களில் வயதில் சின்னவர் பிறப்பதற்கு முன்னால் வந்த படமாக இருந்தால் போதும் என்று முடிவாயிற்று.

சின்னவர் நம்ம டெக்னிகல் செக்ஷன் தம்பி. வயது இருபத்தாறு.

"அப்ப 'பாட்ஷா' கிளாசிக்கா சார்?" என்றான்.

'பாட்ஷா' வந்தது 1995-ல். அதற்கு முதல் நாள் முதல் ஷோ போய் சட்டை கிழிந்தவர்கள் எங்களில் மூன்று பேர். மூவரும் கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. வயசாகிவிட்டது என்பதை இதைவிட மரியாதையாக யாரும் சொல்ல முடியாது!

இப்படிக் கூடிப் பார்ப்பதை நாங்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. 1947-லேயே சத்யஜித் ரேயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியை ஆரம்பித்துவிட்டார்கள். 1959-ல் இந்தியா முழுவதும் இருந்த சொசைட்டிகளுக்கென்று ஒரு சம்மேளனமே வந்தது. அந்தக் காலத்தில் படப்பெட்டி வந்து சேர்வதுதான் கஷ்டம். வந்த படத்தைப் பார்ப்பார்கள். இன்றைக்கு உலகத்துப் படம் பாதி நம் சட்டைப் பையில் இருக்கிறது. அதுதான் சார் தொல்லை! ஒரே ஒரு தோசை கிடைக்கிற ஓட்டலில் யாரும் மெனு கார்டைப் பார்த்து முழிப்பதில்லை.

முதல் மூன்று மாதம் ஓட்டெடுப்பு வைத்தோம். ஜனநாயகம்! முதல் மாதம் ஜெயித்தது ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964). எல்லோருக்கும் பிடித்த படம், எல்லோரும் பத்து தடவை பார்த்த படம். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடத்தில் நாகேஷுக்கு முன்னால் நாங்கள் சொல்லி முடித்துவிட்டோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது உண்மை. ஆனால், படம் முடிந்து விவாதம் என்று உட்கார்ந்தால்...

"சூப்பர் படம்."

"ஆமா, சூப்பர்."

"பாலையா மாதிரி வராது."

"வரவே வராது."

முடிந்தது விவாதம். பஜ்ஜிகூட ஆறவில்லை. எல்லோரும் ஒத்துப்போகிற விஷயத்தில் பேச என்ன இருக்கிறது?

இரண்டாவது மாதமும் அதே கதை. மூன்றாவது மாதம் ஓட்டில் ஜெயித்த படம் ஓட்டுக்கே உலை வைத்தது. சிட்னி லூமெட்டின் '12 ஆங்ரி மென்' (1957). அமெரிக்காவில் ஒரு கொலை வழக்கு. அப்பாவைக் கொன்றதாக ஒரு பையன் மேல் குற்றச்சாட்டு. பன்னிரண்டு ஜூரிகள் ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு சொல்ல வேண்டும். நல்ல வெயில். ஃபேன் வேறு ஓடவில்லை (இந்த இடத்தில் எங்கள் ஆபீஸே கண்முன் வந்தது). முதல் ஓட்டில் பதினோரு பேர் 'குற்றவாளி' என்கிறார்கள். ஒரே ஒருவர்தான் 'கொஞ்சம் பேசுவோமே' என்கிறார். அவர் பேசவில்லையென்றால் படம் அஞ்சு நிமிஷத்தில் முடிந்திருக்கும், பையனும் முடிந்திருப்பான்.

அன்றைக்கே ஓட்டெடுப்பை ரத்து செய்தோம். மாதம் ஒருவர் முறை. முறை யாருடையதோ அவர் சொல்கிற படம்தான் படம். அப்பீல் கிடையாது. கூடவே சில சட்டங்கள்:

ஏன் இந்தப் படம் என்று இரண்டே வாக்கியத்தில் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும்.

மொபைல் போன்கள் எல்லாம் எவர்சில்வர் தூக்குக்குள் போய் மூடிக்கொள்ள வேண்டும்.

படம் முடிந்த பிறகு, 'நல்லா இருக்கு', 'நல்லா இல்லை' என்ற இரண்டையும் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் பத்து ரூபாய் அபராதம். பணம் பஜ்ஜி ஃபண்டுக்கு.

படத்தைத் தேர்ந்தெடுத்தவர் கடைசியில்தான் பேச வேண்டும். இல்லாவிட்டால் பெண்ணைப் பெற்றவர் மாதிரி எல்லாவற்றுக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

இந்த அபராதச் சட்டம் செய்த மாயம் இருக்கிறதே... 'நல்லா இருக்கு' என்று சொல்ல முடியாமல் போனதும், மனிதர்களுக்கு வேறு வழியில்லாமல் யோசிக்க வேண்டியதாகிவிட்டது.

டெஸ்பாட்ச் மேடம் தன் முறைக்கு 'அந்த நாள்' (1954) கொண்டுவந்தார். எஸ்.பாலசந்தர் டைரக்‌ஷன், ஏவி.எம். தயாரிப்பு. பாட்டு கிடையாது, டான்ஸ் கிடையாது. படம் ஆரம்பித்த உடனேயே சிவாஜி துப்பாக்கிக் குண்டுக்கு பலி! பிறகு சாட்சிகள் ஒவ்வொருவராகச் சொல்லும் கதைகளில்தான் வந்து போகிறார். குரோசாவாவின் 'ராஷோமான்' (1950) காட்டிய வழி. சுட்டது யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. எழுபது வருஷம் தாண்டிய ரகசியம் என்றாலும் ரகசியம் ரகசியம்தான்.

போட்டோ எடுக்கப் போவதாகச் சொல்லி அதே ராத்திரி 'ராஷோமா'னின் முக்கால்வாசியையும் பார்த்தோம், மீதியை மறுநாள். அப்போதுதான் மேடம் ஒன்று சொன்னார்.

"கவனிச்சீங்களா? ஜப்பான் படத்துல கொள்ளைக்காரன் 'நான்தான் கொன்னேன்'ங்கறான். செத்துப்போன ஆளே ஆவியா வந்து, 'நானேதான் குத்திக்கிட்டேன்'ங்கறான். பழியைத் தன் தலையிலதான் போட்டுக்கறாங்க. நம்ம படத்துல ஒவ்வொரு சாட்சியும் இன்னொருத்தரைக் கை காட்டறாங்க."

"அதனால என்ன மேடம்?"

"நம்ம ஆபீஸ்ல ஒரு ஃபைல் காணாமப் போனா ஓடறது 'அந்த நாள்'தான் சார். 'ராஷோமான்' ஓடி நான் பார்த்ததே இல்லை!"

டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) இன்னொருவர் முறை. சைக்கிள் இருந்தால்தான் வேலை. வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைத்து சைக்கிளை மீட்கிறார்கள். முதல் நாளே திருட்டுப் போகிறது. அப்பாவாக வருபவர் நடிகரே இல்லை, நிஜத்தில் ஒரு ஃபாக்டரித் தொழிலாளி. 1950-ல் லண்டனில் இந்தப் படத்தைப் பார்த்த ரேக்கு, 'பதேர் பாஞ்சாலி'யை இப்படித்தான் எடுக்க வேண்டும் என்று உறுதியானது. இத்தனை பெருமை கொண்ட படத்தைப் பற்றி எங்கள் தம்பி கேட்ட முதல் கேள்வி: "பூட்டு போட்டிருக்கலாமே சார்?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால், அங்கே பிடித்த பேச்சு, பைக் இல்லாவிட்டால் உணவு டெலிவரி வேலை கிடைக்காத பையன்கள், பைக் கடன், மாதத் தவணை என்று ராத்திரி பதினொன்றரை வரை போயிற்று. அசட்டுக் கேள்வி என்று ஒன்று கிடையாது சார். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால்தான் தெரியும்.

இதெல்லாம் சரி, எங்கள் கிளப்பில் ஒருத்தர் மட்டும் வாயே திறப்பதில்லை. அக்கவுன்ட்ஸ் செக்ஷன் சீனியர். அடுத்த வருஷம் ரிடையர்மென்ட். பதினோரு வருஷமாக எனக்குப் பக்கத்து மேஜை. தினமும் ரெண்டு வேளை டீ சேர்ந்துதான். அவர் பேசி நான் கேட்டதெல்லாம் டி.ஏ. அரியர்ஸ், வெயில், மழை. விவாதத்தில் அவர் முறை வந்தால், 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டுப் பத்து ரூபாயை எடுத்து வைத்துவிடுவார். பேசுவதைவிட அது அவருக்கு மலிவு.

போன மாதம் அவர் முறை. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). இரண்டு வாக்கியம் எழுதித் தர வேண்டுமல்லவா? ஒரே வாக்கியம்தான் எழுதியிருந்தார்: 'இதை நான் ஒரு தடவை பாதியில் நிறுத்திவிட்டேன்.'

'வீடு' தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அர்ச்சனா ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். தங்கை, தாத்தா. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். சொந்தமாகக் கட்டலாமே என்று இறங்குகிறார். லோன், நகை, காண்டிராக்டர், சிமெண்ட் மூட்டை. சொந்த வீடு கட்டியவர்களுக்கு அது சினிமாவாகவே தெரியாது. பாட்டு கிடையாது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைதான் பின்னணி. தாத்தாவாக சொக்கலிங்க பாகவதர். கட்டி முடியாத அந்த வீட்டை அவர் ஆசை ஆசையாகச் சுற்றிப் பார்க்கும் இடத்தில் மாடியில் ஒரு சத்தம் இல்லை. காற்றுகூட நின்றிருந்தது.

படம் முடிந்தது. தம்பிதான் ஆரம்பித்தான்.

"அந்தக் காலத்துக் கஷ்டம் சார் இது. இப்ப யாரு மேஸ்திரி பின்னாடி அலையறா? ஃப்ளாட், பேங்க் லோன், இருபது வருஷம் இ.எம்.ஐ. முடிஞ்சு போச்சு. நானே திங்கட்கிழமை ஒரு எடத்துக்கு அட்வான்ஸ் குடுக்கப் போறேன்."

ஒவ்வொருவராகப் பேசி முடித்து, கடைசியில் சீனியர் முறை. பத்து ரூபாயை எடுப்பார் என்று பார்த்தால், எடுக்கவில்லை.

"தாம்பரம் தாண்டி அரை கிரவுண்ட் வாங்கினேன். 2003-ல லிண்டல் மட்டம் வரைக்கும் சுவர் எழுப்பியாச்சு. எங்கப்பா தினம் பஸ் புடிச்சுப் போயி தண்ணி ஊத்திட்டு வருவாரு. சுவத்தைத் தட்டிப் பார்ப்பாரு. அப்புறம் அவருக்குப் பக்கவாதம் வந்துடுச்சு. ஆஸ்பத்திரிச் செலவுக்கு, சுவரோட சேர்த்து வித்துட்டேன். வீட்டை வித்தது அவருக்குத் தெரியாது. கடைசி வரைக்கும், 'தண்ணி ஊத்தறியாடா'ன்னு ஜாடையில கேட்டுக்கிட்டே இருந்தாரு. 'ஊத்தறேம்பா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

யாரும் பேசவில்லை.

"வாங்கினவர் அந்தச் சுவரை இடிச்சுட்டுத்தான் கட்டினாரு. அவருக்கு ஜன்னல் வேற பக்கம் வேணுமாம்" என்றார். பிறகு தம்பி பக்கம் திரும்பி, "தம்பி, அந்த எடத்துக்கு வில்லங்க சர்ட்டிபிகேட் பார்த்தியா? மூலப் பத்திரம்?" என்றார்.

"புரோக்கர் எல்லாம் கிளியர்னு சொன்னாரு சார்..."

"படத்துல அந்தப் பொண்ணுக்கும் எல்லாம் கிளியரா இருந்த மாதிரிதானே இருந்துச்சு?"

கடைசியில் அந்த நிலத்துக்கே ஒரு சிக்கல் வருகிறது. அது என்னவென்று பார்க்காதவர்களுக்காக விட்டுவைக்கிறேன். தம்பி தூக்கைத் திறந்து போனை எடுத்து, அதில் வைத்திருந்த பத்திர நகலைக் காட்டினான். சீனியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். சினிமா கிளப் அன்றைக்கு சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸ் ஆகிவிட்டது. திங்கட்கிழமை அட்வான்ஸ் போகவில்லை. இருவரும் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஒரு வக்கீலைப் பார்க்கப் போனார்கள். பத்திரத்தில் ஒரு கையெழுத்து குறைகிறதாம், அது வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

நல்ல படம் எது என்று பட்டியல் போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்து மாதம் ஒன்று என்று பார்த்திருந்தால், எங்களுக்கு நிறையப் படங்கள் தெரிந்திருக்கும். பக்கத்து மேஜைக்காரரைத் தெரிந்திருக்காது. ஒருவர் எந்தப் படத்தைக் கொண்டுவருகிறார் என்பதிலேயே பாதி ஆளைப் படித்துவிடலாம். மீதியை, படம் முடிந்த பிறகு அவரைப் பேசவிட்டால் அவரே சொல்லிவிடுவார்.

நீங்களும் ஆபீஸில் இப்படி ஒன்று ஆரம்பிப்பதாக இருந்தால், அனுபவத்தில் இரண்டு யோசனை. முதல் மாதமே 'செவன் சாமுராய்' வேண்டாம். மூன்றரை மணி நேரம். சாமுராய் ஏழு பேரும் வந்து சேர்வதற்குள் உங்கள் ஏழு பேரில் நாலு பேர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்கள். ரெண்டாவது, பஜ்ஜியை இடைவேளையில் கொடுங்கள். முதலிலேயே கொடுத்தால் தூங்கிவிடுகிறார்கள்.

வருகிற சனிக்கிழமை என் முறை. படம் தயார். இரண்டு வாக்கியம்தான் நாலு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். 'நல்லா இருக்கும்' என்று எழுதலாமா என்று மேடத்திடம் கேட்டுப் பார்த்தேன்.

"தாராளமா எழுதுங்க. இருபது ரூபாய்" என்றார்.