விடுதலையாகிறவனுக்கு ஒரு துண்டுக் கடிதம்

நமது நாட்டில் அரச வைத்தியசாலைக்குச் செல்லக் காப்புறுதி அட்டை வேண்டியதில்லை. சிறையிலிருந்து வந்தவனா, சீமானா என்று வாசலில் எவரும் கேட்பதுமில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. வறியவர்களுக்கான மெடிக்கெய்ட் மருத்துவத் திட்டம் அங்கு 1965 இல் உருவானபோதே, சிறையில் இருப்போர் பெரும்பாலும் அதிலிருந்து விலக்கப்பட்டார்கள். விடுதலைக்கு முந்திய 90 நாட்களுக்குள் அத்திட்டத்தின் கீழ் சிகிச்சையைத் தொடங்குவதற்கு 2023 ஜனவரியில்தான் முதன்முதலாக ஒரு மாநிலத்துக்கு, கலிபோர்னியாவுக்கு, அனுமதி கிடைத்தது. நமக்கு அந்தத் தொல்லை இல்லையே என்று தோன்றலாம். கற்பிட்டிப் பக்கம் போய் வந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

நுரைச்சோலைக்கு அப்பால், வாடிகள் நிறைந்த ஒரு கரையோரக் கிராமம். (பெயர் வேண்டாம்.) ஹெரோயின் பொட்டலத்துடன் பிடிபட்டு, அபராதம் கட்ட வழியின்றிச் சில மாதங்கள் உள்ளே இருந்துவிட்டு வந்த இளைஞன் ஒருவனின் தாயாரைச் சந்தித்தேன். சிறையில் இரவு தோறும் அவனுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். விடுதலையான அன்று மாத்திரையும் இல்லை, கடிதமும் இல்லை. வைத்தியசாலையில் என்ன மருந்து குடித்தாய் என்று கேட்டதற்கு, "வெள்ளை நிறம்" என்றானாம்.

"உள்ளுக்க இருக்கக்குள்ள ஒழுங்கா மருந்து குடிச்சான் சேர். வெளிய வந்த பொறகுதான் இல்லாமப் போச்சு" என்றார் அந்தத் தாய்.

இது வெறும் நிர்வாகக் குறைபாடு அன்று, உயிர் சம்பந்தப்பட்டது. பல மாதம் போதைப்பொருள் இன்றி இருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளிவந்த முப்பதாயிரம் பேரைப் பற்றி 2007 இல் வெளியான ஆய்வு, முதல் இரண்டு வாரங்களில் மிகையளவினால் இறக்கும் ஆபத்து மற்றவர்களை விட அவர்களுக்கு 129 மடங்கு என்று கண்டது. கடல் வழியே சரக்கு இறங்கும் கரையில் அந்த இரண்டு வாரங்களை ஒருவன் எப்படிக் கடப்பான்?

சட்டம் இல்லாமல் இல்லை. போதைக்கு அடிமையானோருக்குச் சிகிச்சையும் புனர்வாழ்வும் அளிக்க 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் புனர்வாழ்வு என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காடுதான். 2022 ஜூனில் அங்கிருந்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினார்கள். தூரத்து முகாமை விட ஊருக்கு அருகிலுள்ள மனநல கிளினிக்கே இவர்களுக்கு உதவும் என்பது என் எண்ணம். மருந்தின் பெயரும் கிளினிக் திகதியும் எழுதிய ஒரு துண்டுக் கடிதத்தைச் சிறை வாசலில் கொடுப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் இக்கரையோர மீனவர் பலர் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் தொழிலுக்குப் போய்விடுவார்கள். அந்தக் கடிதம் அங்குள்ள வைத்தியசாலையிலும் செல்லுபடியாக வேண்டும். தாயார் கேட்டதும் அதைத்தான்: "அங்க போனா எவன்டயன் சேர் மருந்து கேக்கிற?" தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் தொங்கிய கலண்டரில் எழுதிக் கொடுத்தேன். மகன் அப்போது கடலுக்குப் போயிருந்தான்.