ஓஹியோ ஓடையில் ஒரு ரோந்துக் கப்பல்

அன்பு மருமகனுக்கு,

சின்சினாட்டியிலிருந்து ஓஹியோ ஆற்றின் போக்கில் சுமார் 25 மைல் தள்ளி, கென்டக்கிக் கரையின் ஓடையொன்றில் துருவேறிக் கிடக்கும் கப்பல், 1902-இல் ‘செல்ட்’ என்ற பெயரில் கடலில் இறங்கியது. டெலவேர் மாநிலத்து வில்மிங்டனில், ரயில்வே நிர்வாகி ஜே. ராஜர்ஸ் மேக்ஸ்வெல்லுக்காகப் பியூசி அண்ட் ஜோன்ஸ் கட்டிய 186 அடி நீள நீராவி உல்லாசப் படகு அது. பின்பு கைமாறி ‘சேச்செம்’ ஆயிற்று.

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. கடற்படையிடம் பெரிய போர்க்கப்பல்கள் இருந்தன. கரையோரத்தையும் துறைமுக வாய்களையும் காக்கும் சிறு கலங்கள்தான் போதவில்லை. புதிதாகக் கட்டி முடிக்கும்வரை போர் காத்திருக்காது. ஆகவே தனியார் படகுகளை விலைக்கும் வாடகைக்கும் எடுத்து, ‘எஸ்.பி.’ வரிசையில் எண் கொடுத்து ரோந்துக்கு அனுப்பினார்கள். சேச்செமின் எண் 192. ஆகஸ்ட் 19 அன்று அது பணியில் சேர்ந்தது.

மற்ற ரோந்துப் படகுகளுக்கு வாய்க்காத பெருமை இதற்கு வாய்த்தது. கடற்படை ஆலோசனை வாரியத் தலைவர் தாமஸ் ஆல்வா எடிசன் இதையே தம் ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 70. காதும் சரியாகக் கேட்காது. அப்படிப்பட்டவர், நீருக்கடியில் வரும் நீர்மூழ்கியின் ஓசையைத் தொலைவிலேயே பிடிக்கும் கருவிக்காகக் கடலில் அலைந்தார். டார்பிடோ பாயும்போது சரக்குக் கப்பலைச் சட்டென்று திருப்பவும் வழி தேடினார். தம் யோசனைகளைக் கடற்படை பயன்படுத்தவே இல்லை என்ற மனக்குறை அவருக்குப் பின்னாளில் இருந்தது.

1919 பிப்ரவரியில் படகு உரிமையாளரிடம் திரும்பியது. பெருமந்தக் காலத்தில் புரூக்ளினின் ஷீப்ஸ்ஹெட் விரிகுடாவிலிருந்து, ஆளுக்கு 2 டாலர் வாங்கிக்கொண்டு தூண்டில்காரர்களை ஏற்றிப் போனது.

1942 ஜனவரியில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கே வந்து கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கின. 1917-இல் பட்ட அதே பற்றாக்குறை மறுபடியும்! மறுமாதமே கடற்படை 65,000 டாலருக்கு இப்படகை மீண்டும் வாங்கியது. ரோந்துப் படகுகளுக்கு மணிக்கற்களின் பெயர் சூட்டும் வழக்கப்படி, இது ‘பெனகைட்’ ஆனது. பார்வைக்குப் படிகக்கல் போலிருந்து ஏமாற்றும் கல் என்பதால், கிரேக்கத்தில் ‘ஏமாற்றுபவன்’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. உல்லாசப் படகின் உடம்போடு போருக்குப் போன கலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திராது. ஃபுளோரிடா கீஸ் தீவுகளை ஒட்டி ரோந்து சுற்றியது. பிறகு சோனார் கருவிகளைச் சோதிக்கவும் உதவியது.

போர் முடிந்தபின், மான்ஹாட்டனைச் சுற்றிக்காட்டும் நிறுவனத்தின் ‘சர்க்கிள் லைன் 5’ ஆகப் பல்லாண்டு பயணிகளைச் சுமந்தது. 1986-இல் வாங்கியவர் இந்த ஓடைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். இன்று அதன் மேல்தளத்தில் செடிகொடிகள் முளைத்திருக்கின்றன. துடுப்புப் படகில் வருகிறவர்கள் அருகே போய்ப் பார்க்கிறார்கள்.

அன்புடன்,
மாமா