‘என்னைப் படி’

செய்முறைத் தேர்வுக்கு ஒன்பது நாள்கள் இருந்தன. ஆய்வகத்தில் உள்ள ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு மடலைப் போகச் செய்ய வேண்டும். எனக்கு வந்த பணி அவ்வளவுதான். கைப்பேசியில் அன்றாடம் ஆயிரம் மடல் அனுப்புகிற நமக்கு இது ஒரு வித்தையா என்று விடுதி நண்பர்களிடம் வீம்பு பேசினேன். அந்த வீம்புக்குக் கிடைத்த தண்டனையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குத் தந்த மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ். அஞ்சலகம் ஊருக்குச் செய்கிற வேலையைக் கணினிகளுக்குச் செய்வது. வீட்சே வெனமா என்ற டச்சு நாட்டு அறிஞர் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது எழுதியது. 1998-இல் மூல நிரலுடன் உலகுக்கு வெளியானது. ஒரு வட்டிலிருந்து அதை நிறுவினேன். பக்கத்துக் கணினியைப் பெயர் சொல்லிப் ‘பிங்’ செய்தால் உடனே பதில் வந்தது. மடல் அனுப்பினால் மட்டும் ‘அப்பெயரில் கணினியே இல்லை’ என்று பதிவுக் கோப்பில் ஒரு வரி! அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் ‘என்னப்பா?’ என்கிறார், அவருக்குப் போட்ட கடிதமோ அஞ்சல் பையிலேயே கிடக்கிறது.

அந்த வாரம் பார்த்துச் சாலையைத் தோண்டியவர்கள் ஆய்வகத்தின் இணையக் கம்பியை அறுத்துவிட்டிருந்தார்கள். மாலையில் விடுதிக்குப் போய்க் கைப்பேசியில் தேடினேன். ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருந்தார்கள். எந்தப் பதிப்புக்குச் சொன்ன வைத்தியம் என்று பெரும்பாலோர் சொல்லவில்லை. மறுநாள் நான்கைந்தைச் செய்து பார்த்ததில், முன்பு ஓடிக்கொண்டிருந்ததும் நின்றது.

ஆய்வக உதவியாளர் அண்ணன் இரக்கப்பட்டு ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். “உனக்கு முன்னாடி படிச்ச ஒருத்தர் இதையெல்லாம் தமிழ்லயே எழுதி வெச்சிருக்காரு தம்பி” என்றார். ஆவலோடு எட்டிப் பார்த்தேன். திரை நிறைய ஆங்கில எழுத்துகளும் கேள்விக்குறிகளும் மாறி மாறிச் சிதறிக் கிடந்தன. 2009-ஆம் ஆண்டுக் கோப்பு. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010-இல். அவர் தட்டச்சு செய்த பழைய எழுத்துரு இப்போது ஆய்வகத்தில் எந்தக் கணினியிலும் இல்லை. யாரோ ஓர் அண்ணன் கைவலிக்கத் தட்டியது, கண்ணெதிரே இருந்தும் ஊமையாக நின்றது.

பேராசிரியரிடம் போய் நின்றேன். “கையேட்டைப் படித்தாயா?” என்றார்.

“ஆங்கிலத்தில் இருக்கிறது, ஐயா.”

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன் என்பது அவருக்குத் தெரியும். கோபிக்கவில்லை. “ஒரு நாளைக்கு ஒரு கோப்பு படி. புரியாத சொல்லை எழுதிக் கொண்டு வா” என்றார்.

அப்படித்தான் ரீட்மீ கோப்புகள் நிறைந்த அடைவுக்குள் நுழைந்தேன். ரீட்மீ என்றால் ‘என்னைப் படி’. இப்படி அழைத்தும் படிக்காமல் இருந்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. அத்தனையும் வெற்று எழுத்துக் கோப்புகள். எழுத்துரு வேண்டாம், உலாவி வேண்டாம், இணையமும் வேண்டாம். மடல் உள்ளே போகும் வழியைக்கூட எழுத்துக் குறிகளை அடுக்கியே வரைந்திருந்தார்கள். இவற்றின் வலைப்பக்க வடிவமும் உரை வடிவமும் ஒரே மூலத்திலிருந்து பிறப்பவையாம். ஒவ்வொரு நிரலின் கையேட்டுப் பக்கமோ அந்நிரலின் தலைப்பிலேயே குறிப்பாக எழுதப்பட்டு, பிறகு தனியே பிரித்தெடுக்கப்படுகிறது. நிரலைத் திருத்துகிறவர் விளக்கத்தை மறக்காதிருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

பின்னர் ஆசை மேலிட்டு மற்ற மடல் மென்பொருள்களின் கோப்புகளையும் பார்த்தேன். சென்ட்மெயிலின் கையேடு ‘டிராஃப்’ என்னும் அச்சுக்கோப்பு நிரலுக்காக எழுதப்பட்டது. எரிக் ஆல்மன் என்பவர் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சென்ட்மெயிலை எழுதினார். அக்கையேட்டை வடிவமைக்கும் கட்டளைத் தொகுப்பும் அவருடையதே! கேம்பிரிட்ஜில் 1995-இல் எக்ஸிமைத் தொடங்கிய பிலிப் ஹேசலும் கையேட்டுக்கென்று சொந்தமாக ஒரு குறியீட்டு முறையையே உருவாக்கிக்கொண்டார். மடலனுப்ப நிரல் எழுதியவர்களுக்கு அதை விளக்குவதற்கும் தனியே ஒரு நிரல் வேண்டியிருந்திருக்கிறது.

என் சிக்கலுக்கு வருகிறேன். அமைப்புகளை அகரவரிசையில் விளக்கும் கையேட்டுப் பக்கம் ஒன்று போஸ்ட்ஃபிக்ஸில் உண்டு, ஆயிரக்கணக்கான வரிகள். ஐந்தாம் நாள் மாலை ‘எஸ்’ வரிசையில் அதைக் கண்டேன். ‘பிங்’ எங்கள் கணினியிலிருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்தது. போஸ்ட்ஃபிக்ஸோ வழக்கமாக டிஎன்எஸ் என்னும் பெயர்ச் சேவையைத்தான் கேட்கும். எங்கள் ஆய்வகத்தில் அச்சேவையே இல்லை. ‘டிஎன்எஸ்ஸைக் கேட்காதே’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அவ்வசதி 2.11 பதிப்பு முதல்தான் உண்டு என்றும், பொது இணையத்துக்கு மடல் அனுப்பும் கணினிக்கு இது ஒவ்வாது என்றும் அங்கேயே எழுதியிருந்தது. காலாவதியான வழிகாட்டிகள் சில வேறு காரணத்துக்காக இதைச் செய்யச் சொல்கின்றன, கேட்காதீர்கள் என்றும் ஓர் எச்சரிக்கை! கைப்பேசி வைத்தியர்களை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். மடல் போயிற்று.

தேர்வு முடிந்தபின் எழுத்துரு மாற்றி ஒன்றைக் கொண்டு அந்த அண்ணனின் கோப்பை ஒருங்குறிக்கு மாற்றினேன். மூன்றாம் பக்கத்தில் அதே சிக்கல். அதே தீர்வு, அதன் பழைய பெயரில். கீழே, ‘இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று’ என்று எழுதியிருந்தார்.

நான் கண்ட புதிய பெயரையும் பதிப்பு எண்ணையும் அவர் வரிக்குக் கீழே சேர்த்து, வெற்று எழுத்துக் கோப்பாகவே வைத்திருக்கிறேன். வாசல் பக்கத்து முதல் கணினியில் இருக்கிறது. கோப்பின் பெயர், ‘என்னைப் படி’.