மூணடி உயரத்தில் சென்னை

"ரெண்டு நாள், அஞ்சு இடம். பக்காவா பிளான் போட்டாச்சு!" என்று நான் அறிவித்தபோது, மனைவி தோசையைத் திருப்பிப் போட்டபடியே கேட்டாள்: "பசங்களைக் கேட்டீங்களா?"

பசங்களை எதற்குக் கேட்க வேண்டும்? பெரியவனுக்கு எட்டு வயசு. சின்னதுக்கு நாலு. ஆபீஸில் ஃபைலை டெல்லிக்கு அனுப்பும்போது ஃபைலைக் கேட்டா அனுப்புகிறோம்?

இது 2024 ஆகஸ்டில் நடந்த கதை. திருச்சியிலிருந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். வெள்ளிக்கிழமை ராத்திரி ஏறினால் சனிக்கிழமை விடிகாலை சென்னை. ஞாயிறு ராத்திரி ஏறினால் திங்கள் காலை திருச்சி. லீவு போடாமல், மானேஜர் முகத்தைப் பார்க்காமல் ஒரு டூர்!

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ரயிலில் டிக்கெட் கிடையாது, பெர்த்தும் கிடையாது. ஐந்து முதல் பன்னிரண்டு வரை, தனி பெர்த் கேட்டால் முழு டிக்கெட். 2016 முதல் அப்படித்தான். ஆக, பெரியவனுக்கு முழுக் காசு கட்டி ஒரு பெர்த். சின்னது இலவசப் பயணி. விழுப்புரம் தாண்டிக் கண் விழித்தால், இலவசப் பயணி என் பெர்த்தில் குறுக்காகப் படுத்திருந்தாள். காசு கொடுத்த பயணி ஒரு முழங்கையை மட்டும் பெர்த்தில் வைத்துக்கொண்டு மற்றபடி அந்தரத்தில் இருந்தேன்.

கிளம்பும்போது அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்: "செத்த காலேஜைக் காட்டாம கூட்டிட்டு வந்துடாதேடா!"

பயப்படாதீர்கள். அந்தக் காலத்தில் பட்டணம் பார்க்கப் போனவர்களுக்கு எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. 1851-ல் ஆரம்பித்தது மியூசியம். 1855-ல் உயிர் காலேஜும் அதே மியூசிய வளாகத்தில்தான் பிறந்தது. அப்புறம் சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-ல் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தது. வெள்ளிக்கிழமைகளில் செத்த காலேஜுக்கு லீவு. நாங்கள் போனது சனிக்கிழமை. தப்பித்தோம்.

வெண்கலச் சிலைகள் இருக்கும் இடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நின்று, சோழர் காலம், ஐம்பொன் என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். சின்னது அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்ப்பா, சாமிக்குக் கால் வலிக்காதா?"

சாமிக்குத் தெரியாது. எனக்கு வலித்தது.

பெரியவன் திமிங்கில எலும்புக்கூட்டின் அடியில் ஐந்து நிமிஷம் வாயைப் பிளந்து நின்றான். சின்னதோ வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து எறும்பு வரிசை பார்த்தாள். "எறும்பைத் திருச்சியிலேயே பார்க்கலாமே!" என்றேன். "இது வேற எறும்புப்பா" என்றாள். மறுக்க முடியவில்லை.

அடுத்தது லிஸ்ட்படி வள்ளுவர் கோட்டம். ஆனால், எழும்பூர் மெட்ரோ ஸ்டேஷனில் எஸ்கலேட்டரைக் காட்டியது என் தப்பு. ஏறினார்கள். இறங்கினார்கள். மறுபடி ஏறினார்கள். பாம்புப் பண்ணையையும் வள்ளுவர் கோட்டத்தையும் அந்த எஸ்கலேட்டர் விழுங்கிவிட்டது. சென்ட்ரலில் வண்டி மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து மெரினா போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஐந்து மணி.

உழைப்பாளர் சிலை தெரியுமில்லையா? சிற்பி ராய் சௌத்ரி செய்தது. 1959 முதல் நாலு பேர் ஒரு பாறையை நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள். "யாராவது தொலைஞ்சா இங்கே வந்து நிக்கணும், சரியா?" என்று உத்தரவு போட்டேன். பெரியவன் தலையாட்டினான். சின்னது சுண்டல்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெரினா மெரினாதான் சார்! தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல், மிளகாய் பஜ்ஜி, பலூன் சுடுகிற துப்பாக்கி, கையால் சுற்றுகிற ராட்டினம், குதிரை... இங்கே கடலில் இழுப்பு அதிகம். இறங்கிக் குளிக்கக் கூடாது என்று எச்சரிக்கை உண்டு. கால் நனைத்துவிட்டு மேலே வந்தோம். மனைவி பஜ்ஜி வாங்கப் போனாள். பெரியவன் பலூன் சுட்டான். நான் செல்போனை எடுத்தேன். கடல் ஒரு போட்டோ. கலங்கரை விளக்கம் ஒரு போட்டோ. கொஞ்சம் திரும்பி இன்னொன்று.

"சின்னது எங்கேங்க?"

பஜ்ஜிப் பொட்டலத்தோடு மனைவி நின்றாள். "இங்கேதானே..." என்று கையை நீட்டினேன். கை நீட்டிய இடத்தில் மணல்தான் இருந்தது.

அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றி எழுதக் கை வரவில்லை. பெரியவன் உழைப்பாளர் சிலைக்கு ஓடிப் பார்க்கிறேன் என்றான். 'நீயுமா?' என்று அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டேன். மனைவி தண்ணீர்ப் பக்கமே பார்த்துக்கொண்டு ஓடினாள். ஏன் அந்தப் பக்கம் ஓடுகிறாள் என்று எனக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லவில்லை.

பஜ்ஜிக் கடை அம்மா, "இன்னா கலர் துணி சார்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து தோளில் தூக்கிச் சுமந்த பெண். என்ன கலர் கவுன் என்று தெரியவில்லை. செல்போனில் தேடினேன். நாற்பத்தேழு போட்டோ. நடராஜர் இருக்கிறார், திமிங்கிலம் இருக்கிறது, கடல் இருக்கிறது. ஒரே ஒரு போட்டோவின் ஓரத்தில் ஒரு சின்னக் கை மட்டும், சுண்டல் பொட்டலத்தோடு.

"மேலயே பாத்துனு நின்னா எப்டி சார்? குனிஞ்சு பாரு! கொயந்த இடுப்புக்குக் கீயதான் இருக்கும்!" என்று அதட்டினார் அந்த அம்மா.

மணலில் முட்டி போட்டேன். குனிந்தால் மெரினாவே வேறு ஊர். கடல் காணோம், சிலை காணோம். கால்கள், கால்கள், செருப்புகள், குதிரையின் வயிறு. அந்தக் கால்களுக்கு நடுவே, ராட்டினத்துக்குப் பின்னால், மஞ்சள் கவுன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு வளையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, சத்தம் போடாதே! நண்டு வெளியே வரும்."

பஜ்ஜி மணலில் கிடந்தது. மனைவி அவளைத் தூக்கிக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று ராத்திரி லாட்ஜில் லிஸ்டைக் கிழித்துப் போட்டேன். ஞாயிறு காலை முதல் வேலையாக, ரெண்டு பேரையும் அன்றைய சட்டையோடு நிற்க வைத்து ஒரு போட்டோ. ரெண்டு பேர் மணிக்கட்டிலும் பால்பாயிண்ட் பேனாவில் என் செல் நம்பர். அப்புறம் முதல் தடவையாகப் பசங்களைக் கேட்டேன்: "எங்கே போகலாம்?"

"எஸ்கலேட்டர்!" என்றான் பெரியவன். "நண்டு!" என்றாள் சின்னது. போனோம். ரெண்டும் பார்த்தோம். நானும் மனைவியும் மாறி மாறி டியூட்டி பார்த்தோம். ஒருவர் கையில் குழந்தை இருந்தால் இன்னொருவர் கையில்தான் செல்போன். என் டியூட்டியில் நானும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து நண்டு வந்தது. ஒரு கண்ணை மட்டும் முதலில் வெளியே நீட்டி நோட்டம் விட்டது, எங்கள் மானேஜர் கேபின் கதவைத் திறப்பது மாதிரியே.

திங்கட்கிழமை ஆபீஸில் பக்கத்து சீட்காரர் கேட்டார்: "ரெண்டு நாள்ல எத்தனை இடம் சார் கவர் பண்ணீங்க?"

"ஒரு எஸ்கலேட்டர், ஒரு நண்டு."

பரிதாபமாகப் பார்த்தார். நான் மேஜை டிராயரை இழுத்தேன். உள்ளே மெரினா மணல் கொஞ்சம் கொட்டியது. முட்டி போட்டபோது பேன்ட் பாக்கெட்டில் ஏறியது போலிருக்கிறது. சாவியோடு சேர்ந்து வந்திருக்கிறது. துடைக்காமல் மூடிவிட்டேன்.