பழைய பென்ஸும் பாடபேதமும்

பழைய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கப் போகிறோம் என்றதும் நண்பர்கள் சிரித்தார்கள். தமிழ் விரிவுரையாளர்களுக்கு எதற்குப் பென்ஸ் என்பது அந்தச் சிரிப்பின் பொருள். வார நாட்களில் எங்கள் இருவருக்கும் ஸ்கூட்டரே போதும். ஆனால் சனிக்கிழமைதோறும் திருச்சியிலிருந்து துறையூர்ப் பக்கத்துக் கிராமத்துக்குப் போக வேண்டும். அங்கே அம்மா தனியாக இருக்கிறார். முழங்கால் மடங்காத அவரை மருத்துவரிடம் பேருந்தில் அழைத்துச் செல்ல இயலவில்லை.

அதற்குப் புதிய சிறிய கார் ஒன்று போதாதா என்று கேட்கலாம். போதும்தான். ஆசையும் உண்டு என்பதை மறைப்பானேன்? 1984 இறுதியில் அறிமுகமான டபிள்யூ124 வகைக் கார் 1995இல் புனேயில் உருவாகத் தொடங்கியபோது நாங்கள் பள்ளி மாணவர்கள். புருனோ சாக்கோவின் தலைமையில் வடிவமைக்கப்பட்ட அந்த நேர்க்கோட்டு உடலையும், முன்கண்ணாடி முழுவதையும் துடைக்க முயலும் அந்த ஒற்றை வைப்பரையும் சாலையோரம் நின்று பார்த்தவர்கள்.

இரண்டு கார்கள் கிடைத்தன. இரண்டுமே 1996ஆம் ஆண்டின் இ220 பெட்ரோல் வண்டிகள். கோவையில் பார்த்தது கன்னங்கரேலென்று மின்னியது. அண்மையில் வர்ணம் பூசியிருந்தார்கள். பராமரித்ததற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. மதுரையில் பார்த்ததன் கூரை வெளுத்திருந்தது. ஓட்டுநர் இருக்கையில் கிழிசல். ஓய்வுபெற்ற மருத்துவரான உரிமையாளர் ஒரு ரெக்சின் பையை எடுத்து வைத்தார். உள்ளே இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலான பில்கள்.

உடன் வந்த பட்டறை அண்ணன் இரண்டு வண்டிகளிலும் கதவுகளுக்குக் கீழே ஓடும் பிளாஸ்டிக் பலகையைக் கழற்றிப் பார்த்தார். துரு ஒளிந்துகொள்ளும் இடம் அதுதானாம். கோவை வண்டியில் விரல் பட்டதும் பட்டி உதிர்ந்தது. மதுரை வண்டியில் பழைய தகரம், சிறு துரு, அதற்குமேல் ஒட்டு வேலை, மறைத்தது எதுவுமில்லை. தொண்ணூறுகளின் முற்பாதி வண்டிகளில் எஞ்சின் வயர்களின் மேலுறை வெப்பத்தில் நொறுங்கிப்போவது பலரும் அறிந்த குறை. அதை மாற்றியதற்கான பில்லும் பையில் இருந்தது.

"பெயின்ட்டைப் பாக்காதீங்க சார், பில்லைப் பாருங்க" என்றார் அண்ணன்.

திரும்பும் வழியில் எங்களுக்குள் ஒரு பேச்சு எழுந்தது. பாடபேதம் பற்றிய வகுப்பில் ஆண்டுதோறும் எதைச் சொல்கிறோம்? தடையின்றி ஓடும் பாடத்தை உடனே நம்பாதீர்கள். இடையில் வந்த எவரோ செப்பனிட்டிருக்கலாம். சிதைவு சிதைவாகவே தெரியும் ஏடு, பல வேளைகளில் நேர்மையான ஏடு. சொல்லிக்கொடுத்ததை எங்கள் சேமிப்பை வைத்துச் சோதிக்கும் நாள் அன்றுதான் வந்தது.

மதுரை வண்டியை வாங்கினோம். விலையில் மூன்றில் ஒரு பங்கை முதலாண்டுப் பராமரிப்புக்கென வங்கியில் தனியே போட்டோம். 15 ஆண்டு கடந்த காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்த அந்தக் கட்டணம், 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025இல் 10,000 ஆயிற்று. பழையதை மலிவென்று எண்ணி வாங்குவோர் இவற்றையும் கணக்கில் சேர்ப்பது நல்லது.

வண்டியை முதன்முதலாகப் பார்த்த அம்மா விலையைக் கேட்கவில்லை, பெயரையும் கேட்கவில்லை. "வாரா வாரம் வந்துருமா?" என்று மட்டும் கேட்டார். சனிக்கிழமைகளில் நாங்கள் வரும்வரை அவர் சாப்பிடுவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அந்தக் கேள்விக்கு வாயால் விடை சொல்ல முடியாது. பெல்ட், ஹோஸ், பிரேக் எண்ணெய் என்று உரிய காலத்தில் மாற்றித்தான் சொல்ல முடியும்.

இப்போது அந்த ரெக்சின் பையில் எங்கள் பில்களும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. ஒன்றையும் நாங்கள் எறிவதில்லை.